ஜப்பானில் சென்சார் போர்டு கிடையாது. அப்படியானால் அந்த மொசைக்கைப் போடுவது யார்?

கேள்வி, 2025 ஜூலை 26

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கலாம் என்று குறித்து வைத்திருந்த ஜப்பானிய விஷுவல் நாவல் (படங்களோடு கதையாகப் படித்துக்கொண்டே போகும் விளையாட்டு) ஒன்றை இந்த வாரம் காணவில்லை. இன்னொரு விளையாட்டுத் தளமான இட்ச்.ஐஓ-வில் தேடினால் அங்கேயும் பெரியவர்களுக்கான விளையாட்டு எதுவும் தேடலில் வரவில்லை. ஜப்பானில் ஏதாவது புதுச் சட்டம் வந்துவிட்டதா? அங்கே சென்சார் போர்டு உண்டா? ஏற்கெனவே அந்தரங்க உறுப்புகளைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கி, மொசைக் போட்டுத்தானே விற்கிறார்கள், அதற்கு மேலும் என்ன தடை?

ஜூலை 27, காலை

புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. இருப்பது பழையதுதான், 1907-இல் வந்த தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு. ஆபாசமான எழுத்தையோ படத்தையோ பரப்பினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 25 லட்சம் யென் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அந்தப் பிரிவுதான் மொசைக் போடச் சொல்கிறது. எரோகே எனப்படும் பெரியவர்களுக்கான கணினி விளையாட்டு, டோஜின்ஷி எனப்படும் ரசிகர்களே வரைந்து அச்சடித்து விற்கிற காமிக்ஸ், இரண்டுக்கும் இதே பிரிவுதான். ஸ்டீம் கதை வேறு. வேலைக்குக் கிளம்புகிறேன், இரவு எழுதுகிறேன்.

ஜூலை 27, இரவு

காலையில் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 175-ஆம் பிரிவில் மொசைக் என்ற சொல்லே கிடையாது. எதை மறைக்க வேண்டும், எவ்வளவு மறைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. ‘வைசெட்சு’, அதாவது ஆபாசம், என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் சொன்னது நீதிமன்றம். 1957-இல் ஓர் ஆங்கில நாவலின் மொழிபெயர்ப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று அளவுகோல்களைச் சொன்னது: காமத்தை வீணாகத் தூண்ட வேண்டும், சாதாரண மனிதனின் கூச்ச உணர்வைப் புண்படுத்த வேண்டும், நல்ல பாலியல் ஒழுக்கத்துக்கு முரணாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் ஆபாசம். மொழிபெயர்த்த இத்தோ செய்க்கு 1 லட்சம் யென் அபராதம், பதிப்பாளருக்கு 2.5 லட்சம். இன்றைக்கும் வழக்கு என்று வந்தால் அந்த மூன்று வரியைத்தான் எடுப்பார்கள்.

சென்சார் போர்டு கேள்விக்கு வருகிறேன். அரசு நடத்தும் சென்சார் போர்டு கிடையாது, இருக்கவும் முடியாது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு, தணிக்கை செய்யக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டது. 1984-இல் சுங்கத்துறை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லை இன்னும் குறுக்கியது. அரசே, வெளியாவதற்கு முன்னால், எல்லாவற்றையும் வரிசையாக வாங்கிப் பார்த்து, இதை வெளியிடாதே என்று தடுத்தால்தான் அது தணிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆபாசப் புத்தகத்தைச் சுங்கத்தில் நிறுத்துவது அதில் சேராது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். வெளியிடுவதற்கு முன் அரசிடம் போய் ‘இது சரியா’ என்று கேட்க வழியில்லை. வெளியிட்ட பிறகு போலீஸ் வரலாம், வராமலும் போகலாம். எல்லை எங்கே என்று தெரியாதவன் எல்லையிலிருந்து நாலடி தள்ளித்தானே நிற்பான்? அந்த நாலடிதான் மொசைக். அதைப் போடுவது அரசு இல்லை. வரைகிறவர், அச்சகம், கடை, தளம், தொழில்துறைச் சங்கம், எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். இதற்கு அங்கே ‘ஜிஷு கிசெய்’ என்று பெயர், தானாகவே கட்டுப்படுவது.

ஜூலை 29

“மொசைக்குக்கு அளவு உண்டா?” என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. சட்டத்தில் இல்லை, தளங்களின் விதியில் உண்டு.

எனக்கு இது தெரிய வந்த கதையைச் சொல்கிறேன். நான் டோக்கியோவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஓவியர் தோழி ஒருவர் பெரியவர்களுக்கான காதல் காமிக்ஸ் வரைந்து, ஆண்டுக்கு இரண்டு புத்தகம் சொந்தக் காசில் அச்சடிக்கிறார். அச்சுப் பிரதி விற்ற பிறகு டிஜிட்டல் பிரதியாகவும் போடுவார். டிஎல்சைட் போன்ற தளங்களில் விதி இப்படி: மொசைக்கின் ஒரு கட்டம் குறைந்தது 4 பிக்சல் சதுரம். படத்தின் நீளப் பக்கம் 400 பிக்சலைத் தாண்டினால், அந்த நீளத்தில் நூறில் ஒரு பங்கு. 1,600 பிக்சல் உயரமான பக்கம் என்றால் கட்டம் 16 பிக்சல்.

ஒவ்வொரு பக்கமாகக் கையால் செய்து அவர் களைத்துப் போயிருந்ததைப் பார்த்து, நான் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். அவர் சிவப்பில் குறித்த இடத்தில் அதுவே கட்டம் போட்டுவிடும். முதல் முறை அனுப்பியது மறுநாளே திரும்பி வந்தது, ‘மறைப்புப் போதவில்லை’ என்று. நான் 16 பிக்சல் கட்டத்தை அவருடைய மூலப் படத்தில் போட்டிருந்தேன். மூலப் படம் 6,000 பிக்சல் உயரம். அதை 1,600-க்குச் சுருக்கியதும் கட்டமும் சேர்ந்து சுருங்கி 4 பிக்சல் சொச்சமாகிவிட்டது. முதலில் சுருக்க வேண்டும், பிறகு கட்டம். வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அந்தப் படத்தில் இருப்பதும் இல்லாததும் யாருக்கும் தெரியாமல் இல்லை. 4 பிக்சலில் ஆபாசம், 16 பிக்சலில் ஆபாசம் இல்லை என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதியதில்லை. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் தோழிக்கு ஒரு நிம்மதி வந்தது. “எண் இருந்தால் நான் வேலையைப் பார்க்கலாம்” என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது.

ஜூலை 30

நேற்று டிஜிட்டல் பற்றி எழுதும்போதே 2017-இல் நடந்த ஒன்று நினைவில் வந்துகொண்டிருந்தது.

அது ஒரு சிறிய டோஜின்ஷி விற்பனைக் கூட்டம். தோழியுடன் மேசையில் உட்கார நான் போயிருந்தேன். காலையில் மேசை விரிப்பு போட்டு, புத்தகக் கட்டைப் பிரித்ததும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்து மாதிரிப் பிரதி ஒன்றை வாங்கிப் புரட்டினார். ஏழு இடங்களில் நிறுத்தி ஒட்டுத்தாள் வைத்தார். கறுப்புப் பட்டை மெல்லியதாக இருக்கிறது, இப்படியே விற்க முடியாது, மன்னிக்கவும் என்றார். சண்டையில்லை, குரலும் உயரவில்லை. கதவு திறக்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது.

கொண்டுவந்தது 60 பிரதி. ஒவ்வொன்றிலும் 7 இடம், ஆக 420 கோடு. பக்கத்து மேசைப் பெண்மணி எதுவும் கேட்காமலே இரண்டு எண்ணெய் மார்க்கர்களை நீட்டினார். இதற்காகவே பையில் வைத்திருப்பாராம். நான் ஒரு பக்கம், தோழி ஒரு பக்கம். அட்டை வழவழப்பான தாள், உள்ளே சாதாரணத் தாள். மை உள்ளே இறங்கி மறுபக்கத்தில் தெரிந்தது. நாலாவது இடத்தின் பின்பக்கத்தில் கதாநாயகி அழுகிற முகம், கன்னத்தின் மேலே ஒரு கறுப்புத் தழும்பு மாதிரி விழுந்தது. முப்பது பிரதி முடிந்த பிறகுதான் அதைப் பார்த்தோம். தோழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பிரதியில் நாலாவது இடத்தில் மட்டும் மார்க்கருக்குப் பதில் வெள்ளை ஒட்டுத்தாளைக் கத்தரித்து ஒட்டினார்.

அந்த ஒருங்கிணைப்பாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. போலீஸ் வந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள், அப்புறம் அச்சகத்தை. கோபம் வேறு எங்கோ போக வேண்டும், எங்கே என்று தெரியாமல் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 1

“எரோகே நிறுவனங்கள் தாமாகவே பொறுப்போடு சங்கம் வைத்துக்கொண்டன” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாமாக இல்லை. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1980-களில் கணினி விளையாட்டுகளுக்கு யாரும் பெரிதாகக் கவனம் கொடுக்கவில்லை. 1986-இல் பாலியல் வன்முறையை மையமாக வைத்த ஒரு விளையாட்டு, தண்டனைச் சட்டத்தின் பாலியல் வல்லுறவுப் பிரிவின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு வந்தது. நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அதோடு அடங்கிவிட்டது. நிலைமையை மாற்றியது 1991. கியோத்தோவில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவன் கடையில் ‘சாஓரி’ என்ற விளையாட்டைத் திருடி மாட்டிக்கொண்டான். விசாரணை விளையாட்டின் உள்ளடக்கத்துக்குத் திரும்பியது, 175-ஆம் பிரிவின்கீழ் அதை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவர் கைதானார். மறு ஆண்டு, 1992-இல், ‘சொஃபுரின்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கணினி மென்பொருள் ஒழுங்கு அமைப்பு உருவானது. அன்றிலிருந்து பெட்டியில் இப்படிப்பட்ட அமைப்பின் முத்திரைச் சீட்டு இல்லாத எரோகே பெரிய கடைகளின் அலமாரியில் ஏறுவது கடினம். பயம்தான் அந்தச் சங்கத்தைப் பெற்றது.

அதே 1991 டோஜின்ஷிக்கும் கெட்ட ஆண்டு. 1989-இல் சிறுமிகளைக் கொன்ற மியாசாகி த்சுதோமு பிடிபட்ட பிறகு, காமிக்ஸ் ரசிகன் என்றாலே சந்தேகப் பார்வை. வக்கயாமா மாகாணத்தின் தனாபே ஊரில் தொடங்கிய ‘தீங்கான காமிக்ஸ்’ எதிர்ப்பு நாடு முழுக்கப் பரவியது. 1991 தொடக்கத்தில் டோக்கியோவில் டோஜின்ஷி விற்ற புத்தகக் கடைக்காரர்கள் கைதானார்கள். 1975 டிசம்பரில் 32 குழுக்களும் சுமார் 700 பேருமாகத் தொடங்கிய காமிக்கெட் என்ற டோஜின்ஷிச் சந்தைக்கு, மகுஹாரி மெஸ்ஸே அரங்கம் இடம் தர மறுத்தது. அந்தக் கோடைச் சந்தை பழைய இடமான டோக்கியோவின் ஹருமிக்கே திரும்பிப் போனது. வணிகப் பதிப்பகங்கள் ‘பெரியவர்களுக்கான காமிக்ஸ்’ என்ற முத்திரையை அட்டையில் போடத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1991-இல் ஷினோயாமா கிஷினின் நிர்வாணப் புகைப்படப் புத்தகங்கள் வந்தன. அதுவரை போலீஸ் விடாப்பிடியாக எதிர்த்த அந்தரங்க ரோமம் அவற்றில் தெரிந்தது, யாரும் கைதாகவில்லை. எது ஆபாசம் என்பது பற்றி 175-ஆம் பிரிவில் எதுவும் மாறவில்லை.

ஆகஸ்ட் 3

சரி, ஸ்டீம். முதல் கேள்வி இதுதான், நான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலையில் ஸ்டீமின் விதிகளில் ஒரு வரி சேர்ந்தது. பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டண அட்டை வலையமைப்புகள், வங்கிகள் ஆகியோரின் விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கத்துக்கு இடமில்லை என்பது அதன் சாரம். அதை ஒட்டி நிறைய விளையாட்டுகள் நீங்கின. சில நாட்களில் இட்ச்.ஐஓ பெரியவர்களுக்கான படைப்புகளைத் தேடலிலிருந்து எடுத்தது. பின்னணியில், இத்தகைய விளையாட்டுகளை எதிர்த்து கலெக்டிவ் ஷவுட் என்ற ஆஸ்திரேலிய அமைப்பு நடத்திய பிரசாரம். ஆக, ஜப்பானியச் சட்டத்துக்கு இதில் பங்கே இல்லை.

நேற்று முன்தினம் மாஸ்டர்கார்டு அறிக்கை விட்டது: நாங்கள் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை, எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் சொல்வது: மாஸ்டர்கார்டு எங்களிடம் நேராகப் பேசவில்லை, இடையில் உள்ள சேவை நிறுவனங்களும் வங்கிகளும்தான் பேசின, அவர்கள் காட்டியது மாஸ்டர்கார்டின் 5.12.7 என்ற விதி. வணிகப் பெயருக்குக் கேடு வரும் பரிவர்த்தனைகளைத் தடுக்கும் விதி அது. இருவரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் முடிவெடுத்தது யார்?

ஜப்பானில் இது புதிதே இல்லை. 2022 ஜூலை இறுதியில் டிஎம்எம் என்ற ஜப்பானிய விற்பனைத் தளத்தில் மாஸ்டர்கார்டு மூலம் பணம் கட்டுவது நின்றது. 2024 மார்ச் இறுதியில் டிஎல்சைட் சில வகைப் பெயர்களை மாற்றியது, அட்டை நிறுவனங்களின் கெடுபிடி என்று எல்லோருக்கும் தெரியும். ரயில் நெரிசலில் பெண்களைத் தடவும் குற்றத்துக்கு ஜப்பானில் ‘சிகான்’ என்று பெயர். அந்தக் குறிச்சொல்லை ‘ஹிமித்ஸு சவசவா’ என்று மாற்றினார்கள். ரகசியமாய்த் தொட்டுத் தொட்டு, என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். குழந்தைத்தனமான ஒலி. இன்னும் சில சொற்களும் இப்படியே, ‘கோழிக்குஞ்சு’ என்பது போல, மாறின. அதுவும் போதவில்லை. சில நாட்களிலேயே, ஏப்ரல் தொடக்கத்தில், விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே நின்றுபோயின.

நான் தினமும் ஏறும் நிலையத்தில் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி இருக்கிறது: ‘சிகான் குற்றம்’. இரண்டே சொல். பெண்கள் பல ஆண்டுகள் போராடி அந்தச் சொல்லுக்கு அந்த எடையைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஒரு கொஞ்சல் சொல்லை வைத்தால் யாருக்குப் பாதுகாப்பு? படைப்பு அப்படியே இருக்கிறது, அதில் நடப்பது குற்றம் என்ற பெயர் மட்டும் போய்விட்டது. அந்த வகைக் கதை எனக்குப் பிடிக்காது. பிடிக்காதவன் தவிர்ப்பதற்கு வைத்திருந்த அடையாளத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 4

“அப்படியானால் எல்லாவற்றையும் அனுமதிக்கச் சொல்கிறீர்களா?” என்ற கேள்வி வந்திருக்கிறது. நேர்மையான கேள்வி. இல்லை.

உண்மையான குழந்தை சம்பந்தப்பட்டால் அங்கே கலை, கருத்து என்று பேச்சே கிடையாது. ஜப்பான் 1999-இல் அதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது, வெறுமனே வைத்திருப்பதையும் 2014-இல் குற்றமாக்கியது. என்னைக் கேட்டால் அது 15 ஆண்டு தாமதம். வரைபடங்களை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. அது பற்றி ஜப்பானுக்கு உள்ளேயும் வெளியேயும் கடுமையான வாதம் இருக்கிறது, இரு பக்கமும் வெறும் கூச்சல் இல்லை.

யோகோஹாமா நிறுவனம் ஒன்று 2006-இல் வெளியிட்ட, வல்லுறவையே விளையாட்டாக்கிய ஒரு எரோகே மேல் 2009-இல் ஈக்வாலிட்டி நவ் அமைப்பு உலகப் பிரசாரம் நடத்தியது. சில வாரங்களில், ஜூனில், சொஃபுரின் அந்த வகையையே தடை செய்தது. அந்த விளையாட்டு போனதற்கு நான் வருத்தப்படவில்லை. பெண்கள் அமைப்புகள் கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்களுக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. எதிர்க்க நினைத்தவர் போய் எதிர்க்கலாம்.

2010-இல் டோக்கியோ மாநகரம் இளையோர் ஒழுங்கு விதியைத் திருத்தப் பார்த்தது. ‘நிஜத்தில் இல்லாத இளையோர்’ என்று கற்பனைப் பாத்திரங்களுக்கு ஒரு சொல்லை உருவாக்கியிருந்தார்கள். காமிக்ஸ் ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள், ஜூனில் மசோதா தோற்றது. அந்தச் சொல்லை நீக்கி எழுதிய இன்னொரு மசோதா டிசம்பரில் நிறைவேறியது. பெரிய பதிப்பகங்கள் அடுத்த ஆண்டு டோக்கியோ அனிமே கண்காட்சியைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. ஓவியர்கள் தோற்றார்கள். ஆனாலும் யார் வாக்களித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அட்டை விஷயத்தில் எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது?

ஆகஸ்ட் 8

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், மொழி பற்றி ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய குழுவுக்காக விஷுவல் நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தேன். பள்ளிக்கூடக் கதை போலவே இருக்கும், சீருடை, மணி, மொட்டை மாடி எல்லாம் உண்டு. ஆனால் ‘கோக்கோ’ என்ற சொல் வராது, அதாவது மேல்நிலைப் பள்ளி. ‘ககுஎன்’ என்றே வரும், கல்விக்கூடம் என்ற பொதுச்சொல். வயதைக் காட்டாத சொல். தொடக்கத்திலேயே ‘இதில் வரும் எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள்’ என்று ஒரு வரி.

ககுஎன் என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பழக்கத்தில் ‘ஹை ஸ்கூல்’ என்று எழுதிவிடுவார். நான் அதை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவேன். ஒரே விளையாட்டில் 140 இடம் மாற்றியிருக்கிறேன். இது வெறும் கண்துடைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எழுத்தாளரின் வேறு படைப்புகளையும் படித்தபோது ஒன்று கவனித்தேன். சிலர் அந்தக் கட்டாயத்தையே சாக்காக வைத்துப் பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். அலுவலகம், ரயில்வே குடியிருப்பு, கணவனை இழந்தவள் நடத்தும் குளியல் விடுதி என்று கதை நகர்ந்தது. கட்டுப்பாடு சில சமயம் எழுத்தாளனை நல்ல இடத்துக்கும் தள்ளும். இதை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இல்லை, ஆனால் பார்த்தேன்.

இன்னொன்று. அந்த விளையாட்டுகளின் ஆங்கிலப் பதிப்பில் மொசைக் பெரும்பாலும் இருக்காது. 175-ஆம் பிரிவு ஜப்பானுக்குள் விற்பதற்குத்தான். வரைந்தவருடைய கோப்பில் மொசைக் தனி அடுக்காக இருக்கும், ஏற்றுமதிக்கு அந்த அடுக்கை அணைத்துவிடுவார்கள். சொந்த நாட்டு வாசகன் பார்க்க முடியாத படத்தை வெளிநாட்டான் பார்க்கிறான்.

ஆகஸ்ட் 11

4-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். சட்டமும் நீதிமன்றமும் என்றால் நல்லது, தனியார் என்றால் கெட்டது என்ற தொனி வந்துவிட்டது. அது சரியில்லை. கிஷி மோத்தோனோரி வழக்கை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

2002-இல் ஒரு தந்தை தன் மகனிடம் பெரியவர்களுக்கான காமிக்ஸ் ஒன்றைப் பார்த்து ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார். அது போலீசுக்குப் போனது. ஷோபுன்கன் பதிப்பகத்தின் தலைவர் கிஷி கைதானார். ஒரு காமிக்ஸ் புத்தகம் 175-ஆம் பிரிவில் முழு விசாரணைக்கு வந்தது அதுவே முதல் முறை. அந்தப் புத்தகத்தில் மறைப்பு இல்லாமல் இல்லை. மேலே சாம்பல் நிற வலைப்புள்ளி போட்டிருந்தார்கள், 40 சதவீத அடர்த்தி. அடியில் இருந்த கோடுகள் தெரிந்தன. அன்றைய தொழில் வழக்கம் அதுதான். 2004-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஓராண்டுச் சிறை, 3 ஆண்டுக்கு நிறுத்திவைப்பு என்றது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை 15 லட்சம் யென் அபராதமாகக் குறைத்தது. புகைப்படம், வீடியோவைவிட வரைபடத்தின் தாக்கம் குறைவு என்று கருதியது. 2007-இல் உச்ச நீதிமன்றம் அப்படியே விட்டது.

ஐந்து ஆண்டு வழக்கு நடந்தும், 40 போதாது என்றால் எத்தனை போதும் என்ற பதில் அந்தத் தீர்ப்புகளில் இல்லை. தீர்ப்புக்குப் பிறகு தொழிலில் எல்லோரும் பட்டையைத் தடிமனாக்கினார்கள், அவரவர் பயத்துக்கு ஏற்ப. 2017-இல் நாங்கள் மறைத்த 420 இடத்துக்கும் இந்த வழக்குக்கும் நேர்க்கோடு இழுக்கலாம். அன்று எங்கே போகும் என்று தெரியாமல் இருந்த கோபத்தில் பாதி இங்கே சேர வேண்டியது.

ஆக, நீதிமன்றம் மேல் எனக்குள்ள மதிப்பு ஒன்றே ஒன்றுதான்: காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. காரணம் தவறாக இருந்தால் நாளைக்கு ஒருவர் அதை எடுத்து வைத்து வாதாடலாம். 16 பிக்சல் விதியில் தோழி கண்ட நிம்மதியும் அதுதான். எழுதி வைத்தது கையில் இருக்கிறது. அட்டை நிறுவனம் எதையும் எழுதித் தருவதில்லை. மேலவை உறுப்பினர் யமதா தாரோ 2024-இல் விசாவிடமே போய்க் கேட்டார். சட்டப்படியான படைப்புகளை நிறுத்தச் சொல்லவில்லை என்றுதான் அவருக்கும் பதில். அதே ஆண்டு நவம்பரில், ஓவியரும் மேலவை உறுப்பினருமான அகமத்சு கென் தொடங்கிய மங்கா லைப்ரரி இசட் மூடப்பட்டது. அச்சில் இல்லாத பழைய காமிக்ஸை ஓவியர்களின் சம்மதத்தோடு படிக்கத் தந்த தளம் அது. பணம் செலுத்தும் சேவை துண்டிக்கப்பட்டதே காரணம். சட்டம் இயற்றுகிற மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கே இந்த நிலை.

ஆகஸ்ட் 12

சின்னச் சேர்க்கை. “காசு கொடுத்து வாங்கலாமே, அட்டை எதற்கு?” என்கிறார் ஒருவர். பெரியவர்களுக்கான பத்திரிகைகள் முன்பு தெருவுக்குத் தெரு இருக்கும் கொம்பினி கடைகளில் கிடைத்தன. பெரிய மூன்று சங்கிலிக் கடைகளும் 2019 ஆகஸ்ட் வாக்கில் அவற்றை நிறுத்திவிட்டன. டோரானோஅனா டோஜின்ஷிக் கடைகள் 2022 ஆகஸ்ட் இறுதியில் ஒன்றைத் தவிர மூடப்பட்டன. குழந்தைகள் வரும் கடையில் அந்த அலமாரி இல்லாதது எனக்குச் சம்மதமே. ஆனால் காசு கொடுத்து வாங்குகிற இடம் குறையக் குறைய எல்லாம் இணையத்துக்கு வந்தது, இணையம் அட்டையின் கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 18

காமிக்கெட் 106 முடிந்தது, 16, 17 இரண்டு நாளும் டோக்கியோ பிக் சைட்டில். தோழியின் மேசையில் இருந்தேன். கால் இன்னும் வலிக்கிறது.

கதவு திறப்பதற்கு முன் பரிசோதனைக்கு ஓர் இளம்பெண் வந்தார். ஊதியம் இல்லாத தன்னார்வலர். மாதிரிப் பிரதியின் பின்னட்டையில் படிவத்தை ஒட்டி நீட்டினோம். முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்: வெளியிட்டவர், தேதி, அச்சகம், தொடர்பு. பிறகு அட்டையில் 18 குறி. பிறகு ஒவ்வொரு பக்கமாக. 22-ஆம் பக்கத்தில் நின்றார். புத்தகத்தைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். தோழி விரிப்பின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தார். என் பையில் இரண்டு எண்ணெய் மார்க்கர் இருந்தது, 2017-க்குப் பிறகு அதில்லாமல் நான் போவதில்லை. “சரியாக இருக்கிறது” என்று அந்தப் பெண் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

இந்த முறை மறைப்பு தாராளமாகவே இருந்தது. கோடு தெரியாத வெள்ளை. வரைந்ததில் பாதியைக் காணோம். “எப்போது இவ்வளவு பெரிதாக்கினீர்கள்?” என்று கேட்டேன். “தெரியவில்லை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக” என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அச்சகமும் கேட்கவில்லை.

விற்பனை நன்றாகப் போனது. வயது சந்தேகமாக இருந்த ஒருவரிடம் அடையாள அட்டை கேட்டோம், ஓட்டுநர் உரிமம் காட்டினார். இன்னொரு பையனிடம் எதுவும் இல்லை, தர முடியாது என்று சொன்னதும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். வயதைப் பார்ப்பது மட்டும் மேசைக்கு மேசை ஒழுங்காக நடக்கிறது. என் கண்ணுக்கு இந்தச் சந்தையில் உருப்படியான கட்டுப்பாடு அதுதான். முகத்தைப் பார்த்துச் செய்கிறார்கள், காரணமும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 19

நேற்றுச் சொல்ல மறந்தது: அந்த மாதிரிப் பிரதி திரும்பி வராது. காமிக்கெட் அவற்றைப் பாதுகாத்து வைக்கிறது. 1980 முதல் 2006-இல் இறக்கும்வரை சந்தையை நடத்திய யோனேசாவா யோஷிஹிரோவின் பெயரில் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் ஒரு நூலகம் இருக்கிறது, ஒரு பகுதியை அங்கே பார்க்கலாம். ஒருநாள் போய், 1991-க்கு முன்னும் பின்னும் உள்ள பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வெள்ளைக் கட்டங்கள் எந்த ஆண்டில் எவ்வளவு வளர்ந்தன என்று அளந்தே பார்க்கலாம்.

ஆகஸ்ட் 23

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் விஷுவல் நாவலின் பெயரைத் தனியாக அனுப்பியிருந்தீர்கள், தேடிப் பார்த்தேன். ஜப்பானியப் பதிப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறது, மொசைக்கோடு. வங்கிப் பரிமாற்றத்திலோ கடையில் வாங்கும் முன்பண அட்டையிலோ கட்டணம் செலுத்தலாம். ஆங்கிலப் பதிப்பு ஏன் போனது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டேன். தங்களுக்கும் காரணம் சொல்லவில்லை என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

தோழி டிஜிட்டல் பதிப்புக்கு 34 பக்கம் அனுப்பியிருக்கிறார், அச்சில் போட்ட வெள்ளை இல்லாமல், மூலக் கோடுகளோடு. 22-ஆம் பக்கத்தை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன். கைகளை அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார், வெள்ளை அதில் ஒரு கையையும் சேர்த்துத் தின்றிருந்தது. 16 பிக்சல் மட்டும் போடட்டுமா, கை வெளியே தெரியும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.

ஆகஸ்ட் 23, இரவு

போடச் சொல்லிவிட்டார்.